அப்புச்சி ஜீப்பும் எட்டே முக்கால் வகுப்பும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வண்டிகளைப் பற்றியவை. எழுதியவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள், இல்லாவிட்டால் அவர்களைப் பெற்றவர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு 19 வயது. பொள்ளாச்சி பக்கம் கிராமம். அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஓட்டிய 1994 மாடல் மகிந்திரா எம்எம்540 ஜீப், அவர் இறந்த பிறகு ஆறு வருடமாகத் தோப்புச் சாளையில் (கொட்டகையில்) நிற்கிறது. கல்லூரி 30 கிலோமீட்டர். எட்டே முக்காலுக்கு வகுப்பு. எங்கள் ஊருக்கு ஆறரைக்கு ஒரு பஸ், அடுத்தது ஒன்பது மணிக்கு. லீவு நாட்களில் வேலைக்குப் போய் 70,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஜீப்பை ரெடி பண்ணி அதிலேயே கல்லூரிக்குப் போக ஆசை. அம்மா பைக் வாங்கச் சொல்கிறார்.

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள், தம்பி. ஆனால் ஜீப்பை விற்றுவிடாதீர்கள்.

உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஆறு வருடம் நின்ற வண்டிக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். டேங்க்கில் டீசல் கசடாகியிருக்கும். பிரேக் ஆயில் ஈரம் இழுத்து வீல் சிலிண்டர்கள் துருப்பிடித்திருக்கும். ரப்பர் ஹோஸ் எல்லாம் வெடித்திருக்கும். தோப்பில் நின்ற வண்டி என்பதால் எலி வயரிங்கை விட்டு வைத்திருக்காது. இதில் பாதி கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கழற்றிய பிறகு வண்டி எந்தத் தேதியில் வெளியே வரும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. உங்களுக்கோ 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். நாளைக்கே வண்டி வேண்டும் என்று நிற்பவன் விலை பேச முடியாது, பட்டறையில் சொல்வதுதான் விலை. ஒரே வண்டியை ஆசைக்கும் அன்றாடத்துக்கும் வைத்தால் ஒவ்வொரு ரிப்பேரும் உங்களுக்கு இந்த அவசர விலையில்தான் நடக்கும்.

செலவையும் போட்டுப் பாருங்கள். போக வர 60 கிலோமீட்டர். அந்த ஜீப் லிட்டருக்குப் பத்து கொடுத்தால் தினம் ஆறு லிட்டர் டீசல், 500 ரூபாய்க்கு மேல். மாதம் 22 நாள் கல்லூரி என்றால் 11,000 தாண்டிவிடும். 100 சிசி பைக்குக்கு அதே தூரம் ஒரு லிட்டர் பெட்ரோல், நூறு ரூபாய் சொச்சம். இன்சூரன்ஸைப் பாருங்கள். 1500 சிசிக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வருடம் 7,897 ரூபாய். 75 சிசிக்கு மேல் 150 வரையுள்ள பைக்குக்கு 714. இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி.

அடுத்தது காகிதம். ஆர்சி என்கிற பதிவுச் சான்று இன்னும் அப்புச்சி பெயரில்தான் இருக்கும். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்டிஓவுக்குச் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டது. இப்போது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். அம்மாவோடு மாமா, பெரியம்மா என்று மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். இதை முதலில் செய்யுங்கள். நீங்கள் லட்ச ரூபாய் செலவழித்து ஜீப்பைப் பளபளவென்று நிறுத்திய பிறகு மாமா வந்து “அது எனக்கும் சேர்ந்ததுதானே” என்று சொன்ன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பதிவுக் காலத்தையும் பாருங்கள். முதல் 15 வருடம் 2009இல் முடிந்திருக்கும், அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இலகு ரக வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. வண்டியும் எஃப்சியில், அதாவது தகுதிச் சோதனையில் தேற வேண்டும்.

அதனால் 70,000ஐ இப்படிப் பிரியுங்கள். 45,000க்குள் பெயர் மாற்றிக் கொடுக்கிற பழைய 100 சிசி பைக். ஷோவான ரகம் வேண்டாம், உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற ரகம் போதும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள், முதலில் இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டு தயாரான வருடத்தைச் சொல்லும். ரோட்டைப் பிடிக்கிற பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ஏழெட்டு வருடத்து டயர் என்றால் புது டயருக்கான காசைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு ஃபைனான்ஸ், இன்சூரன்ஸ் பாருங்கள். நிலுவை அபராதத்தையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் 10,000 ரூபாயை பைக்கின் பேட்டரி, டயர், செயின் செட்டுக்கென்று ஒதுக்கித் தொடாமல் வையுங்கள்.

மிச்சம் 15,000 ஜீப்புக்கு. இந்த வருடம் காகிதமும் பிரேக்கும் மட்டும். அதற்குப் பிறகு ஸ்டியரிங், டயர், வயரிங். பிறகு இன்ஜின், கியர் பாக்ஸ். கடைசியில் பாடியில் ஒடுக்கு எடுக்கிற டிங்கர் வேலை. பெயிண்ட் அடிப்பது, மற்ற வேலை எல்லாம் முடிந்த பிறகுதான். பெரிய டயர், கூரை மாற்றுவது போன்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, எஃப்சியிலும் நிற்காது.

நான் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது 6,000 ரூபாய்க்குப் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். வாங்கிய கையோடு பெயிண்ட் அடித்தேன், சீட் மாற்றினேன். எட்டு மாதத்தில் 11,000 செலவு. வாரம் ஒரு நாள் ஆபீசுக்கு லேட். என்னோடு சேர்ந்த மூன்று பேருக்கு வேலை நிரந்தரமானபோது எனக்கு மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். அந்த ஸ்கூட்டர் மீது எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது, கடைசியில் அதைப் பார்க்கவே பிடிக்காமல் போய் எடைக்குப் போட்டேன். அப்புச்சி ஜீப்புக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. டியூஷனுக்குப் போக 125 சிசி பைக் கேட்கிறான். ஊருக்குள்தான் ஓட்டுவான். எந்த மாடல் வாங்கலாம்? (நாமக்கல்)

பதில்: எதுவும் வேண்டாம். பிடிபட்டால் உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் என்று ஒருவரிடம் 1.80 லட்சத்துக்கு வாங்கினேன். காகிதம் பின்னால் வரும் என்றார். எட்டு மாதமாகிறது, போனை எடுப்பதில்லை. வேறு வழியில் பதிவு செய்ய முடியுமா? (ஈரோடு)

பதில்: முடியாது. ராணுவத்திலிருந்து வந்த வண்டியைப் பதிவு செய்ய, விற்ற அதிகாரியிடமிருந்து படிவம் 21இல் அசல் விற்பனைச் சான்று வேண்டும். அது இல்லாத ஜீப் உங்கள் வாசலில் நிற்கிற இரும்பு. 1.80 லட்சத்தை எடுத்துக் கொடுக்கும் முன் ஒரு தாளைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கக் கூடாதா? பணம் கொடுத்த ஆதாரத்தோடு காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகார் கொடுங்கள். அந்த வண்டிக்கு இனி ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள், ரோட்டிலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: கணவர் போன பிறகு அவருடைய பழைய காரை மகன் கல்லூரி முடிப்பதற்குள் சரிசெய்து கொடுக்க நினைத்தேன். பட்டறையில் மூன்று மாதம் என்று சொல்லி, மூன்று தவணையாக 65,000 வாங்கினார்கள். பதினான்கு மாதமாகிறது. போய்ப் பார்த்தால் கார் வெயிலில் திறந்து கிடக்கிறது, கார்புரேட்டரும் ஒரு கதவும் காணோம். கேட்டால் இன்னும் 30,000 கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்கிறார்கள். (திருச்சி)

பதில்: இனி ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள், அம்மா. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நீங்கள் நம்பிக் கொடுத்தீர்கள், அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

நாளைக்கே மகனையும் வெளி ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய், கார் இருக்கும் நிலையை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். இருக்கும் பாகம், இல்லாத பாகம் இரண்டையும் தாளில் எழுதுங்கள். கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன் காரைக் கொண்டுவர வேண்டாம், பிறகு “எல்லாம் இருந்தது, எடுத்துப் போய்விட்டார்கள்” என்பார்கள். பணம் கொடுத்தது, எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள், 15 நாளில் வேலையை முடிக்க வேண்டும் அல்லது பணத்தையும் பாகங்களையும் திருப்ப வேண்டும் என்று எழுதி, அவர்கள் பெற்றுக்கொண்டதற்கு ஆதாரம் கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், போனில் பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஆணையத்துக்குப் போகும் முன் இன்னொரு முறை எனக்கு எழுதுங்கள், மனுவைப் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: பழைய பைக்குக்கு ஒரிஜினல் கார்புரேட்டர் என்று 4,500 வாங்கினார்கள். போலி. பில் கேட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றதால் வாங்கவில்லை. (கோவை)

பதில்: வரியை மிச்சம் பிடிக்கப் பார்த்து 4,500 போயிற்று. பணம் அனுப்பிய விவரத்தோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் 1915. பில் தராத கடையில் ஒரிஜினல் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

கேள்வி: பழைய காரைப் புதுப்பிக்கப் பணம் வேண்டி என் ஸ்கூட்டரை நண்பனின் நண்பருக்கு 14,000க்கு விற்றேன். படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடமாகியும் அவர் பெயர் மாற்றவில்லை. ஹெல்மெட் இல்லை, மூன்று பேர் என்று அபராதம் எல்லாம் எனக்கு வருகிறது. (21 வயது, மதுரை)

பதில்: அபராதத்தோடு நின்றிருக்கிறது என்று நிம்மதிப்படுங்கள். அந்த வண்டி யார் மேலாவது மோதியிருந்தால் இழப்பீட்டு வழக்கில் நீங்கள் நின்றிருப்பீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பொறுப்பு அவருக்குத்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நம் ஊரில் வண்டி விற்பது என்றால் என்ன? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டு, தேதியோ வாங்குபவர் பெயரோ எழுதாமல் ப்ரோக்கர் கையில் கொடுப்பது. அவர் அதை மூன்று பேருக்கு மாற்றி விற்பார். ஒவ்வொருவரும் மாற்றுக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பார்கள். பழக்கமாகிவிட்டதால் யாருக்கும் இது தவறாகத் தெரிவதில்லை. சட்டம் தெளிவாக இருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளில் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

வாங்குபவருக்கும் இதில் நல்லது இல்லை. பெயர் மாறாமல் நான் வாங்கிய கார் ஒன்று உண்டு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஏழு மாதத்தில் விற்றவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரு மகன் வெளிநாட்டில், ஒரு மகள் பேச்சு வார்த்தை இல்லாமல் வேறு ஊரில். துக்கத்தில் இருந்த அந்த வீட்டு வாசலில் கையெழுத்துக்காக நான் போய் நின்றதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடம் கார் ஷெட்டில் நின்றது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: வாங்கியவரின் பெயர், முகவரி, விற்ற தேதி, பணம் வந்த விவரத்தோடு உங்கள் ஆர்டிஓவுக்கு எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அதே நகலைக் காவல் நிலையத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கொடுங்கள். வாங்கியவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த முறை வாங்குபவரையே ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், விண்ணப்பம் உள்ளே போன பிறகு சாவியைக் கொடுங்கள்.

கேள்வி: 2001 மாடல் யமஹா ஆர்எக்ஸ்100 பைக், ஒரே ஓனர், 1.70 லட்சம். பலர் கேட்கிறார்களாம், இன்று இரவுக்குள் 10,000 டோக்கன் அனுப்பினால் நிறுத்தி வைப்பாராம். அனுப்பலாமா? (18 வயது, தஞ்சாவூர்)

பதில்: ஆர்எக்ஸ்100 உற்பத்தி 1996இலேயே நின்றுவிட்டது. அனுப்பாதீர்கள்.