1949 சியாட்டில் பணிநீக்கம்: எஃப்.பி.ஐ. கோப்பை எப்போது கேட்பது, எப்படிப் படிப்பது?

கேள்வி: வரலாற்றில் முதுகலை மாணவன் நான். கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்புக்காக சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 1949இல் நீக்கப்பட்டதைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். அவர்களுடைய எஃப்.பி.ஐ. கோப்புகளை இந்தியாவில் இருந்தே கேட்டுப் பெறலாமா? அவற்றை வைத்தே ஆய்வைத் தொடங்கலாமா?

பதில்: பெறலாம். ஆனால் ஆய்வை அங்கே தொடங்காதீர்கள். அந்தப் பேராசிரியர்களை வெளியேற்றியது உளவுத்துறை அல்ல, பல்கலைக்கழகமே. தன் சொந்தப் பணிவிதிகளை வைத்தே அதைச் செய்தது. ஆகவே முதலில் அந்த விதிகளும் விசாரணைப் பதிவும்தான் உங்கள் மேசைக்கு வர வேண்டும்.

வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் 1947இல் கம்யூனிஸ்ட் நடவடிக்கைகளை ஆராய ஆல்பர்ட் கேன்வெல் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 1948 ஜூலையில் அது சியாட்டிலில் பல்கலைக்கழகத்தைப் பற்றி விசாரித்தது. குற்றம் சாட்டிய சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய யாரையும் அனுமதிக்கவில்லை. அதன்பின் பல்கலைக்கழகத் தலைவர் ரேமண்ட் ஆலன் காலத்தில் ஆறு பேர் மீதான குற்றச்சாட்டுகள் 11 பேராசிரியர்கள் கொண்ட பணிப்பாதுகாப்புக் குழுவின் முன் வந்தன. இவை இரண்டும் வேறு வேறு விசாரணைகள். பல ஆய்வேடுகள் முதலில் சறுக்குவது இவற்றைக் கலந்து எழுதுவதில்தான். நல்லவேளையாக இரண்டுக்கும் அச்சிட்ட பதிவு உண்டு: கேன்வெல் குழுவின் 1948ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, பல்கலைக்கழகமே 1949இல் வெளியிட்ட விசாரணைத் தொகுப்பு மற்றொன்று.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை ஒதுக்கி அட்டவணை போடுங்கள். கேன்வெல் குழுவிடம் சொன்ன பதில், சக ஆசிரியர்களின் பணிப்பாதுகாப்புக் குழுவிடம் சொன்ன பதில், அவர்கள் பரிந்துரைத்தது, பல்கலைக்கழக ஆட்சிக்குழு முடிவு என்று நான்கு நெடுவரிசைகள் போதும். ஜோசப் பட்டர்வொர்த், ஹெர்பர்ட் பிலிப்ஸ் இருவரும் தாங்கள் கட்சி உறுப்பினர்கள் என்றே சக ஆசிரியர்களிடம் ஒப்புக்கொண்டவர்கள். ஆனாலும் 11 பேரில் 8 பேர் அவர்களை நீக்கக் கூடாது என்றனர். உறுப்பினர் என்று ஒப்புக்கொள்ளாத உளவியல் பேராசிரியர் ரால்ஃப் குண்ட்லாக்கை நீக்கலாம் என்று அதே குழுவின் பெரும்பான்மை சொன்னது.

இந்த முரண்தான் உங்கள் ஆய்வேட்டின் உயிர். விதிப்புத்தகத்தில் இருந்த நீக்கக் காரணங்கள் தகுதியின்மை, கடமை தவறுதல், நேர்மையின்மை போன்றவை. கட்சி உறுப்பினராக இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. கம்யூனிஸ்டால் சுதந்திரமாகச் சிந்திக்க முடியாது, ஆகவே அவர் தகுதியற்றவர் என்று வாதிட்டுத்தான் ஆலன் அந்த இடைவெளியை அடைத்தார். குண்ட்லாக் விஷயத்தில் தலைவருக்கு நேரான பதில் தரவில்லை என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. 1949 ஜனவரி 22 அன்று ஆட்சிக்குழு மூவரையும் நீக்கியது. முன்பு உறுப்பினராக இருந்த மெல்வில் ஜேக்கப்ஸ், ஹரால்ட் ஈபி, கார்லண்ட் எதெல் ஆகியோரை இரண்டாண்டுக் கண்காணிப்பில் வைத்தது. வகுப்பறையில் இவர்கள் என்ன தவறு செய்தார்கள் என்ற கேள்வியை அந்த 11 பேரின் பதிவில் தேடிப் பாருங்கள். அதற்கான விடை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

இனி எஃப்.பி.ஐ. கோப்பு. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமானது. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் எந்த நாட்டவரும் கேட்கலாம். எஃப்.பி.ஐ.யின் இணைய வாசலிலேயே விண்ணப்பிக்கலாம். முழுப்பெயர், பெயரின் வேறு வடிவங்கள், பிறந்த ஆண்டு, ஊர், பணியிடம் எல்லாம் எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம் என்று பிரித்து அனுப்புவது நல்லது. இறந்தவர் என்றால் சான்று கேட்பார்கள், நாளிதழில் வந்த இரங்கல் செய்தியே போதும். பிறந்து 100 ஆண்டுகள் கடந்தவருக்கு அதுவும் தேவையில்லை. இந்த ஆறு பேருமே அந்த வரம்பைத் தாண்டியவர்கள். தலைமையகத்தோடு சியாட்டில் கிளை அலுவலகக் கோப்பையும், பிறர் கோப்புகளில் இவர் பெயர் வரும் பக்கங்களையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் முதன்மைக் கோப்பை மட்டும் தேடி முடித்துவிடுவார்கள்.

சட்டப்படி 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். நடைமுறையில் மாதங்கள் ஆகும், சில சமயம் ஆண்டுகளும் ஆகும். ‘பதிவு இல்லை’ என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். கோப்பு அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம். அங்கே தனியாகக் கேளுங்கள். மறுப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 90 நாள் உண்டு.

கைக்கு வரும் பக்கங்களில் கறுப்புப் பட்டைகள் இருக்கும். ஓரத்தில் பி7சி என்றிருந்தால் தனிநபர் அந்தரங்கம், பி7டி என்றிருந்தால் ரகசியத் தகவல் தந்தவரைக் காப்பது என்று பொருள். தகவல் கிடைத்த மூலத்தை மறைத்துச் சொல்லும் ‘டி-1’, ‘டி-2’ என்ற குறிகளில் கவனம் தேவை. அது ஆளாகவும் இருக்கலாம், ஒட்டுக் கேட்ட தொலைபேசியாகவும் இருக்கலாம். அறிக்கைக்கு அறிக்கை எண் மாறும். மார்ச் அறிக்கையின் டி-1தான் ஜூன் அறிக்கையின் டி-1 என்று எழுதினால் உங்கள் வாதமே சரிந்துவிடும். இன்னொன்று: ஆசிரியர்களைப் பற்றிய தகவலை எஃப்.பி.ஐ. ஆளுநர்களுக்கும் கல்வி அதிகாரிகளுக்கும் ரகசியமாகக் கசியவிட்ட திட்டம் 1951 முதல் 1955 வரை நடந்தது. அதை 1949 நிகழ்வின் காரணமாகக் காட்ட முடியாது.

கோப்பில் உள்ள கூற்று உண்மையா என்று சோதிக்க மெல்வின் ரேடர் வழக்கே பாடம். தத்துவப் பேராசிரியரான அவர் நியூயார்க்கில் நடந்த ரகசியக் கட்சிப் பள்ளியில் படித்தார் என்று ஜார்ஜ் ஹெவிட் என்ற சாட்சி 1948இல் சத்தியம் செய்து சொன்னார். அந்தப் பள்ளியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கோடையில் ரேடர் வாஷிங்டன் மாநிலத்தில், கேன்யன் கிரீக் விடுதியில் தங்கியிருந்தார். விடுதிப் பதிவேடு, மூக்குக்கண்ணாடிக் கடைப் பதிவு போன்ற சாதாரணக் காகிதங்கள்தான் அவரைக் காப்பாற்றின. அவற்றைத் தேடிக் கண்டறிந்த சியாட்டில் டைம்ஸ் நிருபர் எட் குத்மனுக்கு 1950இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நீங்களும் அப்படியே ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே தேதியுள்ள வேறொரு காகிதத்தைத் தேடுங்கள். கிடைக்காத கூற்றை ‘தகவலாளி சொன்னது’ என்றே குறியுங்கள். அதில் அடிபடும் மாணவர்களின் பெயரைத் தவிர்த்துவிடுங்கள், சிலருடைய பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் இருக்கக்கூடும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இந்தப் பணிநீக்கம் பற்றி அறிக்கை வெளியிட்டது 1956இல்தான். ஏழாண்டுத் தாமதம் ஏன் என்பதே தனி அத்தியாயத்துக்குத் தகும். சங்கத்தின் ஆவணங்கள் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. ஆலனின் அலுவலகக் கடிதங்களுக்குச் சியாட்டில் வளாக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். எஃப்.பி.ஐ. விண்ணப்பத்தை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கடைசியாகப் படிக்க வேண்டியது அதுதான் என்றாலும், வந்து சேர அதிக காலம் எடுப்பதும் அதுவே.