முதல் பில்லுக்குப் பணம் தருபவர் யார்?

கேள்வி: பெங்களூருவில் நல்ல சம்பளத்தில் இருந்த என் மகன், வேலையை விட்டுவிட்டுச் சேலத்தில் ஸ்டார்ட்அப் தொடங்கப்போவதாகச் சொல்கிறான். மரவள்ளி விவசாயிகளையும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளையும் இணைக்கும் செயலியாம். தயங்கினால், "தென்காசியில் ஸோஹோ இல்லையா?" என்று மடக்குகிறான். முதலுக்கு வீட்டை அடமானம் வைக்கச் சொல்கிறான். நம் ஊரில் இதெல்லாம் நடக்கிற காரியமா?
— ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

பதில்: ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் கதையை முதலில் முடித்துவிடுவோம். அந்த நிறுவனம் தொடங்கியது 1996-இல். தென்காசிப் பக்கம் போனது 2011-இல். நடுவே பதினைந்து ஆண்டுகள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டு, வெளியார் முதலீட்டுக்குக் கை நீட்டாமல், அதற்குப் பிறகுதான் ஊர்ப்பக்கம் திரும்பினார்கள். உங்கள் மகன் அந்தக் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படித்திருக்கிறார்.

அதற்காக உங்கள் சந்தேகமும் சரியென்று ஆகிவிடாது. வங்கிக் கிளை எட்டாத கிராமங்கள் நிறைந்த கென்யாவில்தான் 2007-இல் எம்-பெசா வந்தது. சாதாரணக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். இங்கே யுபிஐ 2016-இல் வந்தது. இன்று செவ்வாய்ப்பேட்டையில் பூ விற்கும் அம்மாவும் கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். எனவே ஊரைக் குறை சொல்ல வேண்டாம். செயலியைப் பார்ப்போம்.

இணைப்பதாகச் சொல்கிறாரே, யாரை யாரோடு? விவசாயியின் எண் ஆலைக்காரரிடம் இருக்கிறது, ஆலைக்காரரின் எண் விவசாயியிடம் இருக்கிறது. நடுவில் ஒரு புரோக்கரும் இருக்கிறார். அவரை ஒழித்துவிடலாம் என்றுதான் பொறியாளர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். பல இடங்களில் அவர் வெறும் தரகர் அல்ல. வெட்டுக்கூலிக்கு முன்பணம் கொடுப்பவர், லாரி பிடிப்பவர், வீட்டில் கல்யாணம் என்றால் கைமாற்றுத் தருபவர். செயலி கைமாற்றுத் தருமா?

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்குக்கு எடை மட்டும் விலை அல்ல. அதில் எவ்வளவு மாவுச்சத்து என்ற 'பாயிண்ட்' கணக்கும் உண்டு. அளப்பது வாங்குகிற ஆலை, நம்ப வேண்டியவர் விற்கிற விவசாயி. வருடா வருடம் சண்டை இங்கேதான். வயலிலேயே பாயிண்ட் பார்க்கும், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும், மலிவான ஒரு கருவியை உங்கள் மகன் செய்தால் நானே வந்து படம் எடுத்துப் போடுகிறேன். செயலியைவிட அது கடினம். ஆகவே போட்டியும் குறைவு.

அடுத்து வசூல். சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தவறினால் கூட்டு வட்டி. அப்படித் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவுக் கணக்கில் காட்ட முடியாதபடி வருமான வரியிலும் ஒரு கிடுக்கி போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டங்கள்தான். ஆனால் முதல் வாடிக்கையாளர் மீது புகார் கொடுத்துவிட்டு, அவருடைய பங்காளியிடம் போய் இரண்டாவது ஆர்டர் கேட்க முடியுமா? 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற ஒரே வாக்கியத்தில் மூழ்கிய கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் மென்பொருளில் ஒரு குறையும் இருந்ததில்லை.

முதலீட்டாளர் வருவார் என்கிறாரா? வரலாம். ஏற்காட்டில் காப்பிச் செடி வைத்தவர் முதல் பழத்துக்கு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கிறார். முதலீட்டாளருக்கு அந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. அதற்கு முன் மாநில அரசின் டான்சீட் திட்டத்தில் தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கட்டும். பிணையில்லாக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதித் திட்டமும் இருக்கிறது. வங்கி மேலாளர் அதை மறந்ததுபோல் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார். நினைவுபடுத்த வேண்டியது உங்கள் மகனின் முதல் வேலை.

கிழங்கு வெட்டு தொடங்கும்போது அவரை ஒரு மாதம் ஆத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சேகோ ஆலையின் எடைமேடை அருகே உட்காரச் சொல்லுங்கள். மடிக்கணினி வேண்டாம். திரும்பி வரும்போது, இன்ன பொருளை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று முன்பணம் கொடுத்த ஒருவரின் பெயரையாவது அவர் சொல்ல வேண்டும். சொன்னால் ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.