20 வயது தம்பிக்கு 2 ஆண்டு சிறை: மேல்முறையீட்டில் என்ன கேட்கலாம்?

கேள்வி: என் தம்பிக்கு இப்போது 20 வயது. சம்பவம் நடந்தபோது 19. இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு வீட்டில் நகை திருடியதாக வழக்கு. இவன் வெளியே வண்டியோடு நின்றான். மற்ற இருவரும் 30 வயதைத் தாண்டியவர்கள், பழைய வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். தம்பிக்கு இதுதான் முதல் வழக்கு. மாஜிஸ்திரேட் மூவருக்கும் ஒரே மாதிரி 2 ஆண்டு சிறை விதித்துவிட்டார். 18 வயது தாண்டிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். மேல்முறையீடு முடிவதற்குள் 21 ஆகிவிடும். வழி இருக்கிறதா?

பதில்: அன்புள்ள சகோதரி, வழி இருக்கிறது. 18 தாண்டிவிட்டதால் சிறார் நீதிச் சட்டம் தம்பிக்குப் பொருந்தாது, அது உண்மை. ஆனால் இளம் வயதுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அதோடு முடிந்துவிடவில்லை.

1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் 6-வது பிரிவைப் பாருங்கள். 21 வயதுக்குக் கீழே இருப்பவரை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாதபோது, சிறைக்கு அனுப்பக் கூடாது என்பதே அங்கே பொது விதி. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எச்சரித்து விடுவதோ நன்னடத்தைப் பிணைமுறியில் (ஒழுங்காக நடப்பேன் என்று எழுதித் தரும் பத்திரம்) விடுவதோ ஏன் சரிப்படாது என்று மாஜிஸ்திரேட் காரணம் எழுத வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரிடம் (புரொபேஷன் ஆபீசர்) அறிக்கை கேட்டு, பையனின் குணம், உடல் நிலை, மனநிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இது நீதிபதி மனமிரங்கிச் செய்கிற சலுகை இல்லை, அவருடைய கடமை. வீட்டில் திருடுவதற்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில் அதிகபட்சம் 7 ஆண்டுதான். ஆகவே அந்தப் பிரிவில் மட்டும் தண்டனை என்றால் 6-வது பிரிவு தம்பிக்குப் பொருந்தும். தீர்ப்பில் வேறு பிரிவும் இருந்தால் அதற்கு ஆயுள் தண்டனை உண்டா என்று முதலில் பாருங்கள்.

தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டே கேள்வி கேளுங்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை பெறப்பட்டதா? சிறை ஏன் தேவை என்று தம்பியைப் பற்றித் தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா? 'குற்றத்தின் தன்மையைக் கருதி' என்று மூவருக்கும் சேர்த்து ஒரே வரி எழுதியிருந்தால் அது போதாது. பலமுறை தண்டனை பெற்ற 30 வயதுக்காரரையும் வெளியே நின்ற 19 வயதுப் பையனையும் ஒரே தராசில் நிறுத்துவது சமத்துவம் என்று தோன்றலாம். எனக்கு அது அநீதியாகவே படுகிறது. வெளியே நின்றவனும் குற்றத்தில் பங்காளிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் குற்றவாளி என்று தீர்மானிப்பது ஒன்று, எவ்வளவு தண்டனை என்பது வேறொன்று. இரண்டாவதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடை போட வேண்டும்.

21 வயது பற்றிய பயம் வேண்டாம். விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழ் நீதிமன்றத்தில் கேட்கத் தவறியிருந்தாலும் பரவாயில்லை. நன்னடத்தைச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, நன்னடத்தையில் விடும் உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றமும் போடலாம்.

நன்னடத்தையில் விட்டால் 3 ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்குப் பிணைமுறி எழுதித் தர வேண்டும், நிபந்தனைகளை மீறினால் மறுபடி தண்டனை வரலாம். நகையை இழந்தவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களால் முடிந்த தொகையை நீங்களாகவே கொடுக்க முன்வருவது நல்லது. பறிபோனது அவருடைய பொருள், அவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டுமல்லவா?

படிப்பும் வேலையும் பற்றி ஒரு வார்த்தை. அதே நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தண்டனைத் தீர்ப்பால் தகுதியிழப்பு வராது. ஆனால் வழக்கே இல்லாமல் போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அரசு வேலை விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால் அதுவே வேலைக்கு உலை வைத்துவிடும்.

இதே கேள்வியோடு வேறு யாராவது படித்தால்: போதைப்பொருள் வழக்குகளில் 18 தாண்டியவர்களுக்கு, சில சிறு பிரிவுகள் தவிர, இந்தச் சட்டம் உதவாது.

இப்போது நேரம்தான் முக்கியம். செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டு மனுவோடு, தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் சேர்த்தே போடுங்கள். தம்பியின் பள்ளிச் சான்றிதழ், கல்லூரியில் அல்லது வேலை செய்த இடத்தில் வாங்கிய நன்னடத்தைக் கடிதம் எல்லாம் இணையுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார்.