காலியாகிற போஸ்ட் யாருக்கு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் ஒரு அரசு பல்கலைக்கழகத்துல பிஎச்டி பண்றேன். எங்க டிபார்ட்மெண்ட்ல நிரந்தர ஆசிரியர்கள் நாலே பேர் தான். இப்ப அஞ்சு சின்ன டிபார்ட்மெண்டையும் ரெண்டு ஆராய்ச்சி மையத்தையும் சேர்த்து ஒரே 'ஸ்கூல்' ஆக்கப் போறாங்களாம். "யாருக்கும் வேலை போகாது, அமைப்பு மட்டும் தான் மாறுது"ன்னு மீட்டிங்ல சொன்னாங்க. என் கைட் கடுமையா எதிர்க்கறார், பக்கத்து துறைல சிலர் நல்லது தானேங்கறாங்க. எங்ககிட்ட அட்மிஷன் கம்மிங்கறதும் உண்மை தான். எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தெரியல, நீங்க என்ன நினைக்கறீங்க?

ஒரு ஆராய்ச்சி மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

துறைகளைச் சேர்க்கறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டில 2006ல ஜியாலஜிகாரங்களையும் அஸ்ட்ரானமிகாரங்களையும் ஒரே ஸ்கூல்ல கொண்டு வந்தாங்க, இஞ்சினியர்களையும் சேத்துக்கிட்டாங்க. 2009ல போன நாசாவோட எல்ஆர்ஓ விண்கலம் நிலாவைச் சுத்திப் படம் எடுக்குதே, அந்தக் கேமராவோட வேலையெல்லாம் அங்கேர்ந்து தான் நடக்குது. பாறையைப் படிச்சவரும் கருவி செய்யத் தெரிஞ்சவரும் பக்கத்து பக்கத்து ரூம்ல இருந்தா தான் அந்த மாதிரி வேலை சரியா நடக்கும். அங்க ஆராய்ச்சிக்கு அது தேவைப்பட்டுச்சு, அதனால சேத்தாங்க.

உங்க இடத்துல எதுக்காக சேக்கறாங்கன்னு யாராவது சொன்னாங்களா? சொன்ன மாதிரி தெரியல. "யாருக்கும் வேலை போகாது"ங்கறாங்களே, அது தான் எனக்குக் கவலையா இருக்கு, ஏன்னா அது நிஜமாவே இருக்கலாம், ஒருத்தர் வேலையும் போகாமலே ஒரு பாடம் காணாம போகும். உங்க துறைல ஒருத்தர் ரிட்டயர் ஆகறார்னு வைங்க. இன்னிக்கு அந்த போஸ்ட் உங்க டிபார்ட்மெண்டோடது, விளம்பரத்துல உங்க பாடத்தோட பேரு இருக்கும். ஸ்கூல் ஆயிடுச்சுன்னா அது பொதுக் கணக்குல போயிடும், அஞ்சு பாடக்காரங்களும் எங்களுக்குக் குடுங்கன்னு கேப்பாங்க, எங்க மாணவர்கள் ஜாஸ்தியோ அங்க தான் போகும். யாரும் கெட்ட எண்ணத்தோட பண்ணணும்னே இல்ல. நாலு பேர் மூணு பேராவாங்க, ஒரு எலக்டிவ் (விருப்பப் பாடம்) நின்னு போகும், அப்புறம் ரெண்டு பேராவாங்க, நடத்த ஆள் இல்லன்னு எம்ஏ அட்மிஷனை இந்த ஒரு வருஷம் மட்டும் நிறுத்தி வைப்போம்பாங்க, அப்புறம் அதைத் திரும்ப ஆரம்பிக்க ஆளே இருக்காது. துறையை மூடினோம்னு எந்த ஃபைல்லயும் எழுதியிருக்காது.

இங்கிலாந்துல பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டில நடந்ததை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. 1964ல ரிச்சர்ட் ஹோகார்ட் ஆரம்பிச்சு ஸ்டூவர்ட் ஹால் வளர்த்த பண்பாட்டு ஆய்வு மையம் அது, உலகம் பூரா அந்தப் படிப்புக்கே அது தான் ஊத்துக்கண். பின்னாடி அது சோசியாலஜியோட சேர்ந்து ஒரு துறையாச்சு, பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு நடந்த 2001 ஆராய்ச்சி மதிப்பீட்டுல கிரேடு குறைஞ்சுது, 2002ல மூடிட்டாங்க. நிர்வாகம் அப்பவும் அதை மறுசீரமைப்புன்னு தான் சொல்லிச்சு.

அட்மிஷன் கம்மின்னு நீங்களே ஒத்துக்கறீங்க, சரி, எதை எண்ணினாங்கன்னு கேட்டீங்களா? உங்க பாடத்தை மெயினா எடுத்தவங்களை மட்டும் எண்ணினா கம்மியா தான் வரும். மத்த டிபார்ட்மெண்ட் பிள்ளைங்களுக்கு உங்க ஆசிரியர்கள் எடுக்கற வகுப்புல எத்தனை பேர் உக்காந்திருக்காங்கங்கறதையும் சேத்து எண்ணணும். மொழி, தத்துவம், புள்ளியியல் மாதிரி துறைகள் பல இடத்துல இப்படித்தான் அடிபடுது, ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பாங்க, கணக்குல வரமாட்டாங்க.

பணக் கஷ்டம் உண்மையாவே இருந்தா? இருக்கலாம். அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜினியா யுனிவர்சிட்டில பட்ஜெட்ல பெரிய ஓட்டைன்னு சொல்லி 2023ல 28 மேஜர் படிப்பையும் 143 ஆசிரியர் போஸ்ட்டையும் எடுத்தாங்க. வெளிநாட்டு மொழித் துறையையே மொத்தமா எடுக்கறது தான் முதல் திட்டம், எதிர்ப்பு வந்தப்புறம் கொஞ்சம் பேரை வெச்சுக்கிட்டாங்க. அது கொடுமை தான், ஆனா அங்க வெட்டறோம்னு நேரா சொன்னதால தான் எதிர்க்கவாவது முடிஞ்சுது. கனடால டொராண்டோ யுனிவர்சிட்டில 2010ல, இலக்கிய விமர்சகர் நார்த்ராப் ஃப்ரை ஆரம்பிச்ச ஒப்பிலக்கிய மையத்தை மூடற திட்டம் வந்தப்ப மாணவர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்த்தாங்க, கடைசில கைவிட்டாங்க, மையம் இன்னும் இருக்கு.

அதனால வேண்டும், வேண்டாம்னு ரெண்டு கட்சியா நின்னு சண்டை போடாதீங்க. அகாடமிக் கவுன்சில்ல தீர்மானம் போறதுக்கு முன்னாடி எழுத்துல கேளுங்க. காலியாகிற போஸ்ட் எத்தனை வருஷத்துக்கு அந்தந்த பாடத்துக்கே இருக்கும்? சிலபஸை முடிவு பண்ற போர்டு தனியா இருக்குமா, இல்ல மத்த பாடக்காரங்க ஓட்டுப் போட்டு உங்க கோர் பேப்பரை எடுக்க முடியுமா? மையங்களோட லேப் டெக்னீஷியனுக்கு சம்பளம் எந்தக் கணக்குலேர்ந்து வரும்? இதுக்கெல்லாம் தெளிவா பதில் தந்து அதைத் தீர்மானத்துலயே சேத்தாங்கன்னா உங்க கைட்கிட்ட பேசிப் பாருங்க, எதிர்ப்பை விட்டுடலாம். "அப்புறம் பாத்துக்கலாம்"னா அவர் பக்கம் நில்லுங்க.

இன்னொண்ணு, இது உங்களுக்காக மட்டும். உங்க டிகிரி சர்டிஃபிகேட்ல எந்தப் பாடத்தோட பேரு வரும்னு இப்பவே கேட்டு லெட்டர் வாங்கிடுங்க. வேலைக்கு அப்ளை பண்றப்ப பாடத்தோட பேரு விளம்பரத்துல இருக்கறதோட பொருந்தலன்னு முதல் வடிகட்டல்லயே தள்ளிடுவாங்க. நீங்க சேந்தப்ப இருந்த பேருலயே பட்டம் தரணும்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, உங்க கூடப் படிக்கறவங்களையும் சேத்துக்கிட்டு ஒரே மனுவா குடுங்க.