வுட்ஹவுஸ் நூல்களின் மறுபதிப்புகளில் எதை வாங்குவது?

பி. ஜி. வுட்ஹவுஸின் நகைச்சுவை நாவல்கள் பல அட்டைகளிலும் பல விலைகளிலும் மறுபடி மறுபடி அச்சாகி வருகின்றனவே, அவற்றில் எந்தப் பதிப்பை வாங்கலாம், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளாக அவரைப் படித்து வருபவன் என்பதோடு, ஒரே நாவலை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கியவன் என்ற தகுதியும் எனக்கு இருப்பதால், பதில் சொல்லத் துணிகிறேன். (அவர் பெயரை 'வோட்ஹவுஸ்' என்று எழுதுவோர் பலர் உண்டு, எழுத்துக்கூட்டல் அப்படி இருந்தாலும் ஒலிப்பு 'வுட்ஹவுஸ்' என்பதுதான்.)

அந்த இரண்டு முறை வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மறுபதிப்பு வாங்குவோர் பெரும்பாலும் சறுக்கும் இடம் அதுவே. பழைய புத்தகக் கடையொன்றில் 'பெர்ட்டி வூஸ்டர் சீஸ் இட் த்ரூ' என்ற, அதுவரை நான் கேள்விப்பட்டிராத தலைப்பைக் கண்டதும், கடைக்காரர் சொன்ன விலைக்குப் பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். முதல் பக்கத்தில், தன் புத்திசாலிப் பணியாள் ஜீவ்ஸை நம்பியே காலம் தள்ளும் பணக்கார இளைஞனான பெர்ட்டி குளியல் தொட்டியில் அமர்ந்து, காலுக்குச் சோப்புப் போட்டபடி பாடிக்கொண்டிருந்தான். அந்தக் காலையும் அந்தப் பாட்டையும் எனக்கு ஏற்கெனவே தெரியும். 1954-இல் இங்கிலாந்தில் 'ஜீவ்ஸ் அண்ட் தி ஃபியூடல் ஸ்பிரிட்' என்ற பெயரில் வந்த நாவலே அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வேறு பெயர் சூடிக்கொண்டது என்பதும், முதல் பெயருள்ள பிரதி என் அலமாரியில் பல ஆண்டுகளாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தன.

வுட்ஹவுஸ் வாழ்நாளின் பெரும்பகுதியை இரு நாடுகளுக்கும் இடையில் கழித்தவர். 1881-இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபர்டில் பிறந்து, 1955-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, 1975-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இறந்தார். இரு நாட்டிலும் அவருக்குத் தனித்தனிப் பதிப்பாளர்கள் இருந்தனர், அவரவர் சந்தைக்கு ஏற்ற தலைப்பை அவரவர் வைத்தனர். இங்கிலாந்தின் 'சம்மர் லைட்னிங்' அமெரிக்காவில் 'ஃபிஷ் பிரிஃபர்ட்' ஆனது. அவர் முடித்து வெளிவந்த கடைசி நாவலான 'ஆன்ட்ஸ் ஆர்ன்ட் ஜென்டில்மென்' அங்கே 'தி கேட்-நாப்பர்ஸ்' ஆனது. இன்றைய மறுபதிப்புகள் இவ்விரு மரபுகளில் ஏதேனும் ஒன்றைப் பின்பற்றுவதால், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் புரட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

வேறுபாடு தலைப்போடு நின்றுவிடுவதில்லை. அவருடைய இன்னொரு கதை வரிசையின் களமான பிளாண்டிங்ஸ் மாளிகையை அவர் முதன்முதலில் அறிமுகப்படுத்திய 'சம்திங் ஃபிரெஷ்' (1915) நாவலின் அமெரிக்க வடிவமான 'சம்திங் நியூ'வில், பெயிண்ட் கொட்டிய காலணி ஒன்றைத் துப்புத் துலக்கும் காட்சி கூடுதலாக இருக்கிறது. தமது பள்ளிக்கூட நாவலான 'மைக்'கில் அவர் ஏற்கெனவே பயன்படுத்திய காட்சி அது. அந்த நாவலைப் படித்த ஆங்கிலேய வாசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் இங்கிலாந்துப் பதிப்பில் அது இல்லை. தம்மிடமிருந்தே திருடி, மாட்டிக்கொள்ளாத ஊரில் மட்டும் விற்ற இந்தச் சாமர்த்தியம் பிளாண்டிங்ஸ் கதாபாத்திரங்களில் ஒருவருக்கே பொருந்தியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேறு ஆசிரியர் என்றால் தேவையில்லை என்றே சொல்லியிருப்பேன். வுட்ஹவுஸிடம் கதை என்பது ஒரு சாக்குத்தான். வெள்ளிப் பசு ஒன்றைத் திருடுவதும், பன்றி ஒன்றைக் கடத்துவதும், வேண்டாத நிச்சயதார்த்தத்திலிருந்து தப்புவதும் சுருக்கிச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரிப்பு முழுவதும் வாக்கியத்தின் அமைப்பில், ஒரு சொல் வந்து விழும் இடத்தில், சில நேரம் ஒரு காற்புள்ளியில் இருக்கிறது. பெர்ட்டி காலை உணவைக் குறிப்பிடும்போது முட்டையை முழுதாகச் சொல்லிவிட்டு, பன்றி இறைச்சிக்கு முதலெழுத்தோடு நிறுத்திவிடுவான். ஓரிடத்தில் ஆங்கிலக் கவிஞர் பிரௌனிங்கின் கவிதையை மேற்கோள் காட்டப் போய், பறக்கும் வானம்பாடியையும் முள்ளில் ஊரும் நத்தையையும் இடம் மாற்றி, நத்தையைப் பறக்கவிட்டு, பிறகு 'அல்லது நேர்மாறாகவோ' என்று சேர்த்துக்கொள்வான். இவற்றைப் பிழை என்று நினைத்துத் திருத்தும் ஒரு கடமையுணர்வு மிக்க மெய்ப்புத் திருத்துநரோ, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் கணினியோ ஒரே வரியில் நகைச்சுவையைக் கொன்றுவிட முடியும்.

ஆகவே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரையை எடுத்து, யாரும் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல், கேட்பவருக்குக் கேட்டபோது அச்சிட்டுத் தரும் மலிவு மறுபதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அமெரிக்கச் சட்டப்படி பழைய நூல்கள் வெளிவந்து 95 ஆண்டுகளில் உரிமை நீங்கிப் பொதுச்சொத்தாகிவிடுவதால், 1920-களின் நாவல்களுக்கு இத்தகைய பதிப்புகள் பெருகியிருக்கின்றன. இந்தியாவில் ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள், அதாவது வுட்ஹவுஸைப் பொறுத்தவரை 2035 இறுதிவரை, உரிமை நீடிக்கிறது என்பது வேறு செய்தி. நான் வாங்கிப் பார்த்த ஒரு பிரதியில் அத்தியாயப் பிரிவுகள் கரைந்துபோய், இருவர் மாறி மாறிப் பேசும் உரையாடல் ஒரே பத்தியாக ஒட்டிக்கிடந்தது. ஜீவ்ஸ் பேசுகிறானா பெர்ட்டி பேசுகிறானா என்று தெரியாத பக்கத்தில் எதை ரசிப்பது?

முன்னுரைகள் விடுபடுவது அடுத்த இழப்பு. 'சம்மர் லைட்னிங்' 1929-இல் வந்தபோது அவர் எழுதிய முன்னுரை, நாவலுக்கு நிகரான வேடிக்கை. முந்தைய நாவலில் பழைய வுட்ஹவுஸ் பாத்திரங்களே வேறு பெயர்களில் வருகிறார்கள் என்று ஒரு விமர்சகர் குறை கூறினாராம். இந்த முறை அதே பாத்திரங்களை அதே பெயர்களிலேயே வைத்து அந்த மனிதரை முறியடித்துவிட்டதாக அவர் பெருமைப்பட்டுக்கொள்கிறார். அதே தலைப்பில் வேறு நாவல்களும் இருப்பதை அறிந்தவர், 'சம்மர் லைட்னிங்' என்று பெயரிடப்பட்ட நூல்களில் மிகச் சிறந்த நூறில் தம்முடையதற்கும் ஓர் இடம் கிடைக்கும் என்று நம்பிக்கை தெரிவிக்கிறார். இதை நீக்கிய பதிப்பை யாராவது சும்மா கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

நல்ல பதிப்புகளுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 1918 முதல் அவருடைய நூல்களை வெளியிட்டு வந்தது ஹெர்பர்ட் ஜென்கின்ஸ் நிறுவனம். அதன் பழைய பிரதிகள் இன்று சேகரிப்பாளர்களின் பொருள், படிப்பவருக்குக் கட்டுப்படியாகாது. ஹிக்கின்பாதம்ஸின் ரயில் நிலையக் கடைகளில் நின்று புத்தகம் புரட்டிய என் தலைமுறையினருக்கு வுட்ஹவுஸ் என்றாலே நினைவுக்கு வருவது பெங்குவின் மெல்லட்டைப் பிரதிகளும், அவற்றில் அயோனிகஸ் என்ற புனைபெயரில் ஜே. சி. ஆர்மிடேஜ் வரைந்த அட்டைப்படங்களும்தான். அந்த ஓவியங்களில் எவரும் கோமாளித்தனம் செய்வதில்லை. எல்லோரும் மிகுந்த கவலையோடு ஏதோ ஒரு அபத்தத்தில் சிக்கி நிற்பார்கள், அதுவே கதைக்கு மிகப் பொருத்தம். பழைய புத்தகக் கடையில் இவை கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஆனால் முதுகுப் பசை காய்ந்து தாள்கள் உதிர்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால், பணம் ஒரு தடையாக இல்லாதபட்சத்தில், எவ்ரிமேன் பதிப்பையே சொல்வேன். 2000-இல் தொடங்கி 2015-இல் 99 தொகுதிகளோடு நிறைவுற்ற அந்த வரிசையில் எழுத்துக்கள் புதிதாகக் கோக்கப்பட்டுள்ளன. அமிலமற்ற தாள், துணிக் கட்டு, ஆண்ட்ஜெய் கிளிமோவ்ஸ்கியின் அட்டை ஓவியம் என்று எல்லாம் நிதானமாகச் செய்யப்பட்டவை. அந்த அட்டை ஓவியங்கள் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மெல்லட்டையில் ஆரோ நிறுவனத்தின் பதிப்பு படிப்பதற்குப் போதுமானது. பல நூல்களை ஒன்றாகக் கட்டிய பெருந்தொகுதிகளும் உண்டு. ஆனால் ஒரே சிறுகதை இரண்டு மூன்று தொகுதிகளில் இடம்பெறுவதால், வாங்கும் முன் உள்ளடக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அண்மைய மறுபதிப்புகளில் சொற்கள் மாற்றப்பட்டிருப்பது பற்றியும் சிலர் கவலைப்படுகிறார்கள். ஜீவ்ஸ் நாவல்கள் சிலவற்றின் புதிய பெங்குவின் ராண்டம் ஹவுஸ் பதிப்புகளில் இன்று இழிவாகக் கருதப்படும் சில இனச் சொற்கள் நீக்கப்பட்டு, வாசகருக்கான எச்சரிக்கைக் குறிப்பும் சேர்க்கப்பட்டிருப்பது 2023-இல் பிரிட்டிஷ் இதழ்களில் செய்தியானது. இதில் முக்கியமாகப் பேசப்பட்டது 'தேங்க் யூ, ஜீவ்ஸ்' (1934). அந்தச் சொற்கள் போனதால் எந்த நகைச்சுவையும் குறைந்துவிடவில்லை என்பது என் எண்ணம்; ஆனால் அந்த நாவலின் கதைத் திருப்பமே வெள்ளையர்கள் கறுப்பினத்தவர்போல் முகத்தில் கருமை பூசிக்கொள்வதில் நிற்பதால், சில சொற்களை எடுப்பதால் தீரக்கூடிய சங்கடமும் அன்று. முன்னால் குறிப்பு ஒன்றை வைத்துவிட்டு, உரையைத் தொடாமல் விட்டிருக்கலாம். எப்படியிருந்தாலும் உங்கள் முதல் நூலாக அதை எடுக்க வேண்டியதில்லை.

முதல் நூலாக 'தி இனிமிடபிள் ஜீவ்ஸ்' (1923) எடுங்கள். பதினொரு சிறுகதைகளைப் பதினெட்டு அத்தியாயங்களாக வெட்டி நாவல் போலத் தைத்த நூல் அது. தையல் தெரியத்தான் செய்யும், ஆனாலும் ஓர் இரவில் ஒரு கதை என்று படிக்க வசதியானது. அடுத்து 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' (1934), அதில் கஸ்ஸி ஃபிங்க்-நாட்டில் என்பவன் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் குடிபோதையில் ஆற்றும் உரையைப் பேருந்தில் படிக்காதீர்கள். பிறகு, நான் சொன்ன வெள்ளிப் பசு வரும் 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்' (1938).

பிளாண்டிங்ஸ் பக்கம் போவதென்றால் 'சம்மர் லைட்னிங்' நூலையும், அதன் கதை விட்ட இடத்திலேயே தொடரும் 'ஹெவி வெதர்' (1933) நூலையும் ஒன்றாக வாங்குங்கள். கடையில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது என்றால், முதலாவது வரும்வரை காத்திருங்கள். முன்னுரை இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.