வாசகர் கேட்டவை: டெல்லி சரிந்தது, மதுரை கைமாறியது

கேள்வி: முகலாயர் மதுரையை ஆண்டதே இல்லை. அப்படியிருக்க டெல்லி ஆட்டம் கண்டதற்கும் இங்கே கிழக்கிந்தியக் கும்பெனி வரி வாங்கியதற்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர், செல்லூர்

பதில்: ஆளவில்லைதான். ஆனால் மங்கம்மாள் காலத்திலேயே நாயக்க அரசு முகலாயருக்குக் கப்பம் கட்டியது. பின்னால் அதுவே வினையானது. 1707-இல் ஔரங்கசீப் இறந்தபின் நிஜாமும் ஆற்காட்டு நவாபும் பெயருக்கு டெல்லியின் ஆட்களாக இருந்துகொண்டு தனி ராஜாங்கம் நடத்தினார்கள். அந்தக் கப்பம் தங்களுக்குச் சேர வேண்டியது என்றார்கள். ராணி மீனாட்சிக்கும் பங்காரு திருமலைக்கும் மூண்ட வாரிசுச் சண்டைக்குள் புகுந்த நவாபின் மருமகன் சந்தா சாகிப், 1736-இல் நாயக்கர் ஆட்சியையே முடித்தார்.

1749-இல் நவாப் பட்டத்துக்கே போட்டி. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர், முகமது அலி பக்கம் இங்கிலீஷ்காரர். கும்பெனி படையைச் சும்மா தரவில்லை. சிப்பாய்ச் சம்பளம் முதல் வெடிமருந்து வரை எல்லாம் முகமது அலியின் கடன் கணக்கில் ஏறியது. அடைக்கப் பணமில்லாதவர் தெற்குச் சீமையின் வரி வசூலை ஈடு காட்டினார். 1755-இல் கும்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு மதுரைக்கு வந்தது அந்த வசூலுக்குத்தான். அந்த வசூலை முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கானுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்குக் குத்தகை விட்டார். பாளையக்காரர்கள் கட்ட மறுத்தார்கள், குத்தகை நொடித்தது. 1759-இல் கும்பெனியின் தளபதி யூசுப்கான் (மருதநாயகம்) குத்தகை எடுத்தபோது தொகை 5 லட்சம்.

1763-இல் பாரிஸ் உடன்படிக்கையில் இரு வெள்ளையரும் முகமது அலியே நவாப் என்று கையெழுத்திட்டார்கள். நம்மூர்க் குடியானவன் யாருக்கு வரி கட்டுவது என்பதைப் பாரிஸில் தீர்மானித்தார்கள்! அதே ஆண்டில் பிரெஞ்சுக் கொடியேற்றிய யூசுப்கான் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். 1801-இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமை முழுவதும் கும்பெனி வசமானது.

ஒற்றுமை இல்லாததால் தோற்றோம் என்பார்கள். எனக்கு அது பாதி விடைதான். பாக்கிப் பாதி, இரவல் படைக்கு ஏறிய கடன்.

கேள்வி: யூசுப்கான் சமாதி எங்கே?
- வாசகர், திருநகர்

பதில்: காளவாசலைத் தாண்டி, சம்மட்டிபுரத்தில் தர்காவாக இருக்கிறது.

கேள்வி: ஹெரான் திருமோகூர்ச் சிலைகளைக் கொள்ளையடித்தது உண்மையா?
- வாசகர், ஒத்தக்கடை

பதில்: உண்மை. கோயில் வாசலில் வைக்கோல் கட்டுகளைக் குவித்துத் தீ வைத்துக் கதவை எரித்துவிட்டு உள்ளே புகுந்தார்கள். சிலைகளை மூட்டை கட்டினார்கள். திரும்பும்போது நத்தம் கணவாயில் ஒரு வண்டி சேற்றில் சிக்கியது. பாதை குறுகல், இருபுறமும் காடு. முன்படை அதற்குள் வெகுதூரம் போய்விட்டது. பின்னால் தனித்து நின்ற சாமான் வண்டிகள்மேல் கள்ளர்கள் நீண்ட ஈட்டிகளோடு பாய்ந்தார்கள். மூட்டைகளுக்குள் சிலைகளைக் கண்டதும் "சாமி, சாமி" என்று கூவினார்களாம்; கும்பெனியின் வரலாற்றாசிரியரே இதை எழுதி வைத்திருக்கிறார். சிலைகள் மீண்டன. ஹெரானைக் கும்பெனியே விசாரணையில் நிறுத்தி வேலையைப் பறித்தது.