ஆபீஸ் டெக்: கேள்வி – பதில்

கே: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறோம். பையர் அனுப்பும் டெக் பேக் (ஆடையை எப்படித் தைக்க வேண்டும் என்ற விவரக் கோப்பு), மெஷர்மென்ட் சார்ட் எல்லாம் ஆளாளுக்கு மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் மென்பொருளால் உண்மையில் லாபம் உண்டா?

ப: உண்டு. முதலில் அது தெரிவது கட்டிங் டேபிளில்தான். பையர் செஸ்ட் அளவை அரை அங்குலம் மாற்றி மெயில் போட்டிருப்பார். பேட்டர்ன் மாஸ்டரிடம் இருப்பது போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்த சார்ட். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நியூ ஃபைனல்’ என மூன்று சுற்றினால் அவர் எதைத்தான் எடுப்பார்? துணியை வெட்டியபின் பேசிப் பயனில்லை.

கூகுள் டிரைவில் ஒவ்வொரு ஸ்டைல் நம்பருக்கும் (ஆடை மாடலின் எண்) ஒரு ஃபோல்டர் போடுங்கள். கோப்பை அனுப்பாதீர்கள், லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். திருத்தம் வந்தால் புதுப் பெயரில் ஏற்றாமல், அதே கோப்பின் ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ வழியாக ஏற்றினால் லிங்க் மாறாது. திறப்பவருக்குப் புதியதே தெரியும். ஒரு சிக்கல்: பி.டி.எஃப், எக்செல் போன்றவற்றின் பழைய பதிப்புகள் 30 நாளிலோ, 100 பதிப்புகளைத் தாண்டினாலோ அழிந்துவிடலாம். பையரோடு தகராறு வருவதோ பல மாதம் கழித்து. அப்ரூவல் ஆன பதிப்புக்கு ‘கீப் ஃபாரெவர்’ கொடுத்துவிடுங்கள். சுவரில் ஒட்டிய பழைய பிரிண்டைக் கிழிக்க எந்த மென்பொருளும் வராது. அதற்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

கே: ஊழியர்களின் ஜிமெயிலிலேயே டிரைவ் இருக்கிறதே, போதாதா?

ப: போதாது. சொந்த ஜிமெயிலில் உள்ள கோப்புக்கு அந்த ஊழியர்தான் உரிமையாளர். அவர் வேலையை விட்டால் கோப்பும் அவரோடு போகும். கம்பெனி கணக்கிலும் ‘மை டிரைவ்’ (அவரவர் தனி இடம்) ஆபத்துதான்: கோப்புகளை வேறொருவருக்கு மாற்றாமல் கணக்கை அழித்தால், மீட்க 20 நாள்தான் அவகாசம். ‘ஷேர்டு டிரைவ்’ வசதியுள்ள திட்டமாக வாங்குங்கள். அதில் கோப்பு கம்பெனிக்குச் சொந்தம். கட்டிங், தையல் பகுதிகளுக்கு ‘வியூவர்’ (பார்க்க மட்டும்) அனுமதி போதும். பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு ‘கான்ட்ரிபியூட்டர்’: திருத்தலாம், அழிக்க முடியாது. ‘மேனேஜர்’ இருவருக்கு மேல் வேண்டாம்.

கே: பழைய ஃபைல்களையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா?

ப: அவசரமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களிலிருந்து தொடங்குங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஸ்கேன்தான் செய்தாயிற்றே என்று நினைத்து, ஆடிட்டரைக் கேட்காமல் காகிதத்தைக் கழிக்காதீர்கள். ஷேர்டு டிரைவில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும், அதனால் வாரம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு நகல்.